எல்லாக் கம்பிக்கும் பொருந்துமாம்!

இன்று காலை பத்து மணி வாக்கில் என் மவுஸ் மூன்றாவது மாடியிலிருந்து கீழே இறங்கியது. படிக்கட்டு வழியாக இல்லை.

பால்கனிக் கம்பியில் மாட்டும் மேசைதான், வேறென்ன. உங்களில் பாதிப் பேர் வாங்கி நொந்திருப்பீர்கள், மீதிப் பேர் கார்ட்டில் போட்டு வைத்திருப்பீர்கள். அந்த விளம்பரப் படத்தைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் விழுந்தோம்? ஒரு பெண் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறாள். காற்று அவள் முடியை மட்டும் அசைக்கிறது, பக்கத்தில் இருக்கும் தாள்களைத் தொடுவதில்லை. வெயில் அவள் கன்னத்தில் விழுகிறது, திரையில் விழுவதில்லை. அப்படி ஒரு நாகரிகமான வெயிலை நான் இதுவரை சந்தித்ததில்லை. அந்தப் படத்தில் மேசை எதில் மாட்டியிருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. நான் இன்று பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டையான, அகலமான, பலகை மாதிரி ஒரு கைப்பிடி. கீழே கம்பிகளுக்குப் பதில் ஒரே தகடு. அப்படி ஒரு பால்கனி யார் வீட்டில் இருக்கிறது? அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்கிறது. அவளுக்காகத்தான் மேசையும் செய்திருக்கிறார்கள்.

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 'எல்லா வகைக் கம்பிகளுக்கும் பொருந்தும்'. இந்த 'எல்லா' என்ற சொல்லை எழுதியவரை ஒரே ஒரு நாள் என் பால்கனியில் உட்கார வைக்க வேண்டும். அந்த மேசையோடு.

என் வீட்டுக் கைப்பிடி உருண்டைக் குழாய். கொக்கியின் வாய் சதுரம். அளவு பார்த்துத்தான் வாங்கினேன், அந்தக் கொக்கி 2 முதல் 6 செ.மீ. வரை பிடிக்குமாம், என் குழாய் 5. சரி, பொருந்தும்தானே? சதுரத்துக்குள் உருண்டை எப்படிப் பொருந்தும்? அங்கங்கே ஒரு கோடு மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். குழாயைச் சுற்றி ஊஞ்சல் மாதிரி ஆடும். ஆடாமல் இருக்க அடியில் ஒரு பிளாஸ்டிக் திருகு கொடுத்திருக்கிறார்கள். முதல் சுற்றில் இறுகியது. இரண்டாவது சுற்றில் இன்னும் இறுகியது. மூன்றாவது சுற்றில் மரை போய், அதன்பிறகு எவ்வளவு சுற்றினாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. என்னிடம் கோபமே படாமல், அமைதியாக.

அப்புறம் அந்தக் கீழ்க்கால். மேசை முன்பக்கம் சாயாமல் இருக்க, நடுவிலிருந்து ஒரு தண்டு இறங்கி வந்து கம்பியில் முட்டி நிற்க வேண்டும். முட்ட வேண்டிய ரப்பர் குமிழின் அகலம் 3 செ.மீ. பால்கனியின் நேர்க் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் சந்து சுமார் 10 செ.மீ. உலகத்தில் பல இடங்களில் இந்த அளவை ஒட்டித்தான் சந்து விடுகிறார்கள், குழந்தையின் தலை நுழையக்கூடாது என்பதற்காக. 3 செ.மீ. குமிழ் குழந்தையின் தலையைவிடச் சிறியது என்பது மேசை செய்த ஆளுக்கு மட்டும் தெரியவில்லை. நான் மாட்டினேன், கை எடுத்தேன், கால் சந்து வழியாக வெளியே போய் நின்றது. மேசை என்னைப் பார்த்துக் குனிந்து வணக்கம் வைத்தது.

ஐந்து செ.மீ. இடது பக்கம் நகர்த்தினால் கால் கம்பியில் முட்டும். ஆனால் இடது கொக்கி குழாயின் இணைப்பில் இடிக்கும். வலது பக்கம் நகர்த்தினால் சுவர். கடைசியில் ஒரு பழைய மரச்சட்டத்தை இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே கயிறு போட்டுக் கட்டி, அதில் காலை முட்ட வைத்து, மிச்சம் இருந்த சாய்வுக்கு அட்டையை நான்காக மடித்துச் செருகினேன். வாங்கியது மேசை. வேலை செய்தது கயிறும் அட்டையும். பேனாவை மேலே வைத்துப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் உருண்டு என் மடிக்கு வந்தது. சரி, இவ்வளவு சாய்வு பரவாயில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன் பாருங்கள், அங்கேதான் புத்தி கெட்டது.

உயரம் தனிக் கதை. சாதாரண எழுதும் மேசை தரையிலிருந்து 73 செ.மீ. வாக்கில் இருக்கும், நாற்காலி 45. பால்கனிக் கம்பியோ ஒரு மீட்டருக்கும் மேலே. அமெரிக்காவில் அடுக்குமாடிகளுக்கு 42 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 107 செ.மீ. அதன் மேல் தொங்கும் மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மோவாயை மேசையில் வைத்து வேலை பார்க்கலாம். உயரமான ஸ்டூல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 75 செ.மீ. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தால் கைப்பிடிக் கம்பி எங்கே வருகிறது தெரியுமா? என் தொப்புளுக்கு. ஆள் விழாமல் இருக்கக் கட்டிய தடுப்பு அது, ஐயா! அதைத் தாண்டி விழுவதற்கு வசதியாக ஸ்டூலையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். நான் தண்டைக் கடைசித் துளையில் போட்டு மேசையை 20 செ.மீ. இறக்கினேன், நாற்காலியில் இரண்டு தலையணை போட்டேன். ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு மீட்டிங். மேசையின் மேல் மடிக்கணினி, மவுஸ், ஒரு நோட்டு, மூடியைத் திறந்து வைத்த தண்ணீர் பாட்டில். ஏன் மூடவில்லை என்று கேட்காதீர்கள். மேசையில் பாட்டிலை மூடாமல் வைப்பது மனிதனின் அடிப்படை உரிமை என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் மேசை விளிம்பில் ஊன்றினேன். அவ்வளவுதான், உள்ளே செருகியிருந்த அட்டை 'க்ரிக்' என்றது. மேசை என் பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. மடிக்கணினிக்கு அடியில் ரப்பர் இருக்கிறது, அது நின்றது. பாட்டிலுக்கு இல்லை. அது மெல்ல என்னை நோக்கிக் கிளம்பியது. ஒரு பாட்டில் தன் மடியை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே, "இந்த வார இறுதிக்குள் முடித்துவிடலாம்" என்று தெளிவாகப் பேச எத்தனை பேரால் முடியும்? நான் பேசினேன். பேசிக்கொண்டே, மேசையை மட்டமாக்கலாம் என்று வலது முழங்காலைத் தூக்கி அடியில் முட்டுக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். கொக்கி என்பது மேலிருந்து கீழே அழுத்தினால் பிடிக்கும். கீழிருந்து மேலே தள்ளினால்? கழன்று வரும். சட்டை மாட்டும் கொக்கி, கோட்டு மாட்டும் கொக்கி, மேலிருந்து மாட்டித் தொங்கவிடும் எந்தக் கொக்கியும் அப்படித்தான். அதனால்தான் பூட்டுத் திருகு வைப்பார்கள். என் பூட்டுத் திருகு எந்த நிலையில் இருந்தது என்று மேலே சொல்லியிருக்கிறேன். மேசைக்கு அடியில் இருப்பது மனிதனின் முழங்கால், அது எப்போதாவது உயரும் என்பதை இதைச் செய்தவர்கள் ஒரு தடவையாவது யோசித்தார்களா? அவர்களுக்கு முழங்கால் உண்டா?

முழங்கால் உயர்ந்தது. கொக்கி இரண்டும் குழாயை விட்டு எழும்பின. பாட்டில் அதற்குள் மடிக்கு வந்து சேர்ந்து காலியாகிக்கொண்டிருந்தது. குளிர்ந்த தண்ணீர், அதனால் முழங்கால் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது. இதுவரை என் பக்கம் சாய்ந்திருந்த மேசை இப்போது வானத்தின் பக்கம் சாய்ந்தது. மடிக்கணினியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தேன். நோட்டு என் காலில் விழுந்தது. மவுஸ் கைப்பிடியைத் தாண்டி, ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு (சத்தியமாகப் பார்த்தது) போய்விட்டது.

மூன்றாவது மாடி, சுமார் 10 மீட்டர். 1.4 நொடி. தரையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். அந்த 1.4 நொடியில் நான் எத்தனை கடவுளைக் கூப்பிட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. கீழே யாரும் இல்லை, ஒரு பூந்தொட்டிதான் இருந்தது. மடிக்கணினியின் கேமரா வழியாக மீட்டிங்கில் இருந்தவர்கள் வானம், கூரை, என் மூக்குத் துவாரம், மறுபடி வானம் என்று வரிசையாகப் பார்த்திருக்கிறார்கள். "உங்க வீடியோ கொஞ்சம் அசையுது" என்றார் ஒருவர். "நெட் பிரச்சினை" என்றேன். ஈரக் காற்சட்டையோடு மனிதன் எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறான்!

கீழே இறங்கிப் போனால், தரைத்தள வீட்டுப் பெரியவர் மவுஸை ஒரு கையிலும் பேட்டரியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"தம்பி, இது உங்களுதா? நான் நிஜ எலின்னு நினைச்சுட்டேன்."

"மன்னிச்சுக்கோங்க ஐயா."

"பரவாயில்ல. அடுத்து என்ன வரும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிடுங்க, தொட்டியை உள்ளே எடுத்து வச்சிடறேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? ஆனால் அவர் அந்தத் தொட்டிக்குக் குனிந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரமாக இருந்திருந்தால்? போனது மவுஸாக இல்லாமல் இரண்டு கிலோ மடிக்கணினியாக இருந்திருந்தால்? மேசையைக் கம்பியோடு சேர்த்துக் கட்ட ஒரு பாதுகாப்பு வார், மேசை விளிம்பில் விரல் உயரத்துக்கு ஒரு வரம்பு. இவை இரண்டும் பெட்டியில் கிடையாது. விளம்பர ஸ்டிக்கர் ஆறு இருந்தது.

பெட்டியில் '25 கிலோ தாங்கும்' என்றும் போட்டிருந்தது. எங்கே வைத்தால் 25 கிலோ? பள்ளியில் திருப்புத்திறன் என்று ஒன்று படித்தோமே, கீலுக்குப் பக்கத்தில் தள்ளினால் கதவு அசையாது, விளிம்பில் தள்ளினால் விரலாலேயே திறக்கும் என்று? அதேதான். 10 கிலோவைக் கம்பியிலிருந்து 5 செ.மீ. தள்ளி வைத்தால் திருப்புத்திறன் 5 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. அதே 10 கிலோ 40 செ.மீ. தள்ளி இருந்தால் 39. எட்டு மடங்கு. நாம் முழங்கையை ஊன்றுவது அந்த 40-இல்தான், கம்பிக்கு அந்தப் பக்கம் போய் ஊன்ற நான் என்ன காக்கையா? வெறும் 25 கிலோ என்று போடுவது, 'இந்த வண்டி வேகமாகப் போகும், தூக்கி எறிந்தால்' என்று விற்பதற்குச் சமம்.

இதில் கொடுமை, புகார் எழுதியதும் வந்த பதில்: 'உங்கள் கம்பி வழக்கமான வகை அல்ல.' எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றீர்களே, அந்த எல்லாவில் நான் இல்லையா? இரண்டு வரி தள்ளி, இதே கம்பியில் மாட்டும் மடக்கு இருக்கையையும் வாங்கினால் தள்ளுபடியாம்! மேசையில் மவுஸைக் கொடுத்தவனிடம் இருக்கையில் ஆளையே கேட்கிறார்கள். 70 கிலோ ஆள், கம்பியிலிருந்து 25 செ.மீ. தள்ளி உட்காருகிறேன், மேல் கொக்கிக்கும் கீழ் முட்டுக்கும் இடைவெளி 25 செ.மீ. என்று வையுங்கள். என் எடை கீழே இழுப்பது போதாதென்று, அதே 70 கிலோ அளவு விசையில் மேல் குழாய் பக்கவாட்டில் இழுபடும், கீழ்க் கம்பி வெளியே தள்ளப்படும். அந்தக் கம்பியை அங்கே நட்டவர் இதற்காகவா நட்டார்? வலைக்கம்பி வேலியில் இதை மாட்டி உட்கார்ந்தவர்கள் யாராவது இருந்தால் நலமா என்று தெரிவிக்கவும்.

முடியாத காரியம் என்றால் விட்டுவிடலாம். சாரம் கட்டும் இரும்புக் குழாய் பெரும்பாலும் 48.3 மில்லிமீட்டர், அதற்கென்று செய்த பிடிப்பான் அந்தக் குழாய் எங்கே இருந்தாலும் கச்சிதமாக உட்காரும். ஐரோப்பிய மருத்துவமனைச் சுவரில் கருவிகள் மாட்டும் பட்டை 25க்கு 10 மில்லிமீட்டர், அதில் விளக்கு, தட்டு, குப்பி எல்லாம் ஒரு சொடுக்கில் நிற்கிறது. படகுக் கைப்பிடிகளும் பெரும்பாலும் 22 அல்லது 25 மில்லிமீட்டர் குழாய்தான், அலையில் படகு ஆடும்போதும் அதில் மாட்டிய தட்டு ஆடாமல் இருக்கிறது. எதில் மாட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் கொக்கி செய்தவர்கள் அவர்கள். இவர்கள் முதலில் அந்தப் பெண்ணைச் சிரிக்க வைத்துவிட்டு அப்புறம் கொக்கி செய்திருக்கிறார்கள்.

அம்மா இவ்வளவையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, "உள்ளே ஒரு மேசை இருக்கேடா" என்றாள். இருக்கிறதுதான். அது இந்த விவாதத்துக்குச் சம்பந்தம் இல்லாதது. நான் மறுபடி பால்கனிக்குப் போனபோது அந்த மேசையை அவளே திரும்ப மாட்டி, அதன் மேல் ஈர மிதியடியை விரித்துக் காயப் போட்டிருந்தாள். ஆடவில்லை. சாயவில்லை. மட்டமாக, கம்பீரமாக நிற்கிறது துரோகி.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். 'வந்தபடியே பேக் செய்து தர வேண்டும்' என்கிறார்கள். வந்தபடி என்றால் அந்தத் தெர்மாகோலை நான் உடைக்காமல் எடுத்திருக்க வேண்டும், அதை யாராவது உடைக்காமல் எடுத்திருக்கிறீர்களா? எப்படியோ திணித்து, அட்டைப் பெட்டியின் மேல் முழங்காலை வைத்து (இப்போது தாராளமாக அழுத்தலாம்) மூடிவிட்டேன். ஒட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

டேப் கையில் இருக்கிறது. நுனியைக் காணவில்லை. நகத்தால் சுற்றிக்கொண்டே வருகிறேன், மூன்று சுற்று ஆயிற்று. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் தட்டியது, இழுத்தேன், நூல் மாதிரி ஒரு கீற்று மட்டும் கிழிந்து வந்து விரலில் ஒட்டிக்கொண்டது. உண்மையான நுனி எங்கேயோ உள்ளே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கண்ணுக்குத் தெரியாத பொருளின் மேல் ஒட்டி விற்கலாம் என்று யோசித்த அந்த மகானிடம், மேசைக்காரரை விட்டுவிட்டு, முதலில் நான் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது.