செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் நான் ஒட்டிவைத்த தாள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு மென்பொருள் ஒன்று எழுதிக் கொடுத்தேன். எந்த ஆளுக்கு எவ்வளவு வெள்ளி எடை போட்டுக் கொடுத்தார், கொலுசாகத் திரும்பி வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்பதைத் தராசிலிருந்தே வாங்கிப் பதிந்துகொள்ளும் சிறிய டெஸ்க்டாப் செயலி அது. ஒருவரைப் பார்த்து ஒருவராகப் பல பட்டறைகள் கேட்டு வாங்கின. எந்த ஆப் ஸ்டோரிலும் அது இல்லை. என் இணையதளத்திலிருந்து இறக்கித்தான் நிறுவ வேண்டும்.

நிறுவப் போனால் விண்டோஸ் ஒரு நீலப் பெட்டியைக் காட்டித் தடுக்கும். அதில் 'மோர் இன்ஃபோ' என்பதை அமுக்கினால்தான் 'ரன் எனிவே' என்ற பொத்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் இதை விளக்கி அலுத்துப்போய், அந்தப் பொத்தானுக்குச் சிவப்பு அம்புக்குறி போட்டு ஒரு தாள் அச்சடித்து, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் நானே ஒட்டிவிட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு அந்த முதல் பட்டறைக்காரருக்கு வரி நோட்டீஸ் என்ற பெயரில் மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதோடு வந்த கோப்பைத் திறந்தார்; அதே நீலப் பெட்டி வந்தது; சுவரைப் பார்த்து அம்புக்குறி காட்டிய இடத்தில் அமுக்கினார். அன்று மாலைக்குள் கணினியில் இருந்த கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்கும் செய்தி மட்டும் மிஞ்சியது. ஐந்து மாதக் கூலிக் கணக்கு போயிற்று. நான் ஓடிப்போய் நின்றபோது அவர் கோபப்படவில்லை. "தம்பி, நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதானே அமுக்கினேன்" என்றார். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.

ஆகவே என்னைப் போல் ஸ்டோருக்கு வெளியே மென்பொருள் விற்கும் நண்பர்களிடம் சொல்ல வந்தது இதுதான்: உங்கள் செயலியைக் கையொப்பமிட்டு, அதாவது வெளியிட்டவர் யார், இடையில் யாரும் மாற்றவில்லையா என்று கணினியே சரிபார்க்கக்கூடிய மின்முத்திரை போட்டு, வெளியிடுங்கள், எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியை வாடிக்கையாளருக்குக் கற்றுத்தராதீர்கள். நம் ஒரு செயலிக்காக நாம் கற்றுத்தரும் பழக்கம், அவர் கணினிக்கு இனி வரப்போகும் எல்லாக் கோப்புகளுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

"என் வாடிக்கையாளருக்கு என் மென்பொருளைக் கொடுக்க வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஏன் படியளக்க வேண்டும்?" என்று என் தொழில் நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். விண்டோஸில் கையொப்பமிட, வெளியீட்டாளர் யார் என்று உறுதிசெய்யும் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். 2023 ஜூன் 1 முதல் கையொப்பம் போடப் பயன்படும் அதன் ரகசியச் சாவியைப் பாதுகாப்பான வன்பொருளுக்குள் மட்டுமே வைக்க வேண்டும் என்ற விதி வந்ததால், அந்தச் சாவியை வைத்திருக்கும் சிறு கருவியான டோக்கனின் செலவும் சேர்ந்துகொள்கிறது. சான்றிதழின் அதிகபட்ச ஆயுளும் 2026 மார்ச் முதல் 460 நாள்தான். பணம் கட்டிக் கையொப்பமிட்ட பிறகும், அந்த நீலப் பெட்டியைக் காட்டும் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் உடனே வாயை மூடிக்கொள்வதில்லை. போதுமான பேர் இறக்கி, நற்பெயர் சேரும்வரை எச்சரித்துக்கொண்டே இருக்கும். நாற்பது பட்டறைகளுக்கு விற்கும் ஒருவனுக்கு இது கடினமான ஏற்பாடு. இலவசமாக மென்பொருள் எழுதித் தரும் மாணவர்களுக்கு அதைவிடக் கடினம். அவர்களுக்குக் கட்டணச் சலுகை வேண்டும் என்று நானும் கேட்கிறேன்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கையொப்பம் இல்லாத கோப்பு ஒவ்வொரு பதிப்பிலும் புதிய அந்நியன். கையொப்பம் இருந்தால் நற்பெயர் என் பெயரில் சேர்ந்து அடுத்த பதிப்புக்கும் வருகிறது. அதைவிட முக்கியம், வெளியீட்டாளர் பெயர் திரையில் தெரிகிறது. கொலுசில் பட்டறையின் முத்திரையைப் பார்த்து வாங்கும் மனிதரிடம், "திரையில் என் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எதையும் அமுக்காமல் எனக்குப் போன் போடுங்கள்" என்றால் உடனே புரிகிறது. இதற்கு அம்புக்குறி தேவைப்படவில்லை.

மேக் கணினிகளில் கதை இன்னும் கொஞ்சம் நீளம். செயலியை ஆப்பிளுக்கு அனுப்பிச் சோதனையில் ஒப்புதல் வாங்கும் நோட்டரைசேஷன் என்ற முறையை ஆப்பிள் 2018-இல் அறிமுகப்படுத்தியது. 2019-இல் வந்த கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பிலிருந்து அது ஸ்டோருக்கு வெளியே வரும் செயலிகளுக்குக் கட்டாயமாயிற்று. பெயரைக் கேட்டதும் நம் ஊரில் நீதிமன்ற வாசலில் முத்திரை போடும் நோட்டரி வக்கீல்தான் நினைவுக்கு வருவார். அவர் கையெழுத்துப் போட்டவர் யார் என்று பார்ப்பார். ஆப்பிளின் இயந்திரம் கையெழுத்தையும் பார்த்து, உள்ளே தீங்கான நிரல் இருக்கிறதா என்றும் துழாவும். ஸ்டோரில் நடப்பதுபோல மனிதர் உட்கார்ந்து செய்யும் ஆய்வு அன்று அது. பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், பறிப்புக் கூலிக்கும் மிளகுக் கணக்குக்கும் இதே செயலியை மேக்கில் கேட்டார். முதல் முயற்சியே நிராகரிக்கப்பட்டது. வெளிக்கூட்டை மட்டும் கையொப்பமிட்டுவிட்டு, உள்ளே தராசோடு பேசும் நிரல் தொகுப்பை விட்டுவிட்டேன் என்பது, செயலியை ஆப்பிளுக்கு அனுப்பும் நோட்டரிடூல் என்ற கருவி கொடுத்த பதிவைப் படித்தபோதுதான் தெரிந்தது. உள்ளிருந்து வெளியே வரிசையாக ஒவ்வொன்றையும் கையொப்பமிட வேண்டும், செயலி ஓடும்போது அதில் வேறு நிரல் புகாமல் தடுக்கும் ஹார்டன்டு ரன்டைம் என்ற பாதுகாப்பை இயக்க வேண்டும், எப்போது கையொப்பமிட்டோம் என்பதைக் காட்டும் நம்பகமான நேரமுத்திரையும் வேண்டும். நேரமுத்திரையை விண்டோஸிலும் விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் சான்றிதழ் காலாவதியான பிறகும் பழைய கையொப்பம் செல்லும்.

அடுத்த பிழையை மலை கற்றுக்கொடுத்தது. நோட்டரைசேஷன் முடிந்த செயலியை அவர் சேலம் வீட்டில் இறக்கிக்கொண்டு மேலே போனார். மழையில் தோட்டத்தில் இணையம் இல்லை, செயலி திறக்கவில்லை. ஒப்புதலுக்குச் சான்றான டிக்கெட் ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. அதை ஸ்டேப்ளர் என்ற ஆப்பிளின் கருவி கொண்டு செயலியோடு இணைத்து அனுப்பினால்தான் இணையம் இல்லாத இடத்திலும் மேக் அதைக் கண்டுகொள்ளும். ஜிப் கோப்பில் நேரடியாக இணைக்க முடியாது. செயலியில் இணைத்துவிட்டுப் பிறகு ஜிப் செய்ய வேண்டும். சமவெளியில் உட்கார்ந்து சோதித்தவரை எனக்கு இது தெரியவே இல்லை.

கையொப்பம் இருந்தாலே செயலி நல்லது என்று நான் சொல்லவில்லை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய தைவான் நிறுவனங்களின் திருடப்பட்ட சாவிகளால் கையொப்பமிடப்பட்டிருந்தது. 2020-இல் ஷ்லேயர் என்ற தீநிரல் ஆப்பிளின் நோட்டரைசேஷனையே தாண்டி வந்தது. 2023-இல் 3சிஎக்ஸ் தொலைபேசிச் செயலியை அந்நிறுவனத்துக்குள்ளேயே புகுந்து கெடுத்தபோது, கெட்ட பதிப்பும் முறையான கையொப்பத்தோடுதான் வெளியே போனது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, சாவியையும் செயலியைக் கட்டும் கணினியையும் காக்க வேண்டும் என்பதே. என் டோக்கன் பீரோவில், வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது; கட்டும் கணினியில் மின்னஞ்சல் திறப்பதில்லை. தவறே நடந்தாலும் சான்றிதழை ரத்து செய்து, பரவுவதை நிறுத்தும் வழி இருக்கிறது. கையொப்பம் இல்லாத கோப்புக்கு ரத்து செய்ய எதுவும் இல்லை.

கையொப்பமிட்ட புதிய பதிப்பு இப்போது எல்லாப் பட்டறைகளுக்கும் போய்விட்டது. அந்தத் தாள் மட்டும் இன்னும் பதினொரு கடைகளின் சுவரில் இருக்கிறது. தபாலிலோ வாட்ஸப்பிலோ சொல்லி முடிக்க விருப்பமில்லை. இந்த மாதத்துக்குள் ஒவ்வொரு கடைக்கும் நேரில் போய், என் கையாலேயே கிழித்துவிட்டு, ஏன் கிழிக்கிறேன் என்றும் சொல்லிவிட்டு வருவேன். லீ பஜார் பக்கமோ செவ்வாய்ப்பேட்டையிலோ சிவப்பு அம்புக்குறி போட்ட அந்தத் தாளை எங்காவது பார்த்தால், தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.