அந்தக் காட்சியில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்

அடிமை முறை பற்றிய படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னால் பலரும் சொல்வது, "இருக்கிற கவலை போதாதா, இதையும் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கணுமா?" நியாயமான கேள்விதான். ஆனாலும் ஸ்டீவ் மெக்வீன் இயக்கிய '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' (2013) படத்தை ஒருமுறையாவது பாருங்கள் என்று வற்புறுத்தவே செய்வேன்.

கதை நிஜம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சுதந்திர மனிதராகப் பிறந்த கறுப்பினத்தவர் சாலமன் நார்த்தப். வயலின் கலைஞர், மனைவி மக்களோடு வாழ்ந்தவர். 1841இல் வேலை தருவதாக வாஷிங்டனுக்கு அழைத்துப்போய், மயங்கவைத்து அடிமையாக விற்றுவிட்டார்கள். லூசியானா தோட்டங்களில் கிடந்து, 1853இல்தான் மீண்டார்.

படத்தில் அவரை ஒரு மரத்தில் தூக்கிலிடப் பார்ப்பார்கள். கண்காணி வந்து தடுத்துவிடுவான். ஆனால் கயிற்றை அவிழ்க்க மாட்டான். கால் கட்டைவிரல்கள் சேற்றில் வழுக்க வழுக்க, கழுத்தில் சுருக்கோடு அவர் தத்தளிப்பார். கேமரா நகராது. பின்னணி இசை கிடையாது. பின்னால் மற்ற அடிமைகள் குடிசையிலிருந்து வந்து அவரவர் வேலையைத் தொடங்குவார்கள். குழந்தைகள் விளையாடும். ஒரே ஒரு பெண் பயந்து பயந்து ஓடிவந்து தண்ணீர் கொடுத்துவிட்டுப் போவாள். இங்கேதான் நிறையப் பேர் ஓட்டிவிட்டுப் பார்க்கிறார்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள். ஒரு மனிதன் தொங்கிக்கொண்டிருக்க, அந்த ஊரின் ஒரு சாதாரண நாள் நடந்துகொண்டிருக்கிறது. அடிமை முறை அத்தனை காலம் நீடித்தது இப்படித்தான்.

பருத்தியை எடை போடும் காட்சியும் அப்படித்தான். ஒரு நாளைக்கு 200 பவுண்டு பறிக்க வேண்டும் என்பது கணக்கு. மாலையில் ஒவ்வொருவர் கூடையும் தராசில் ஏறும், குறைந்தவருக்குச் சவுக்கடி. 500 பவுண்டுக்கு மேல் பறிக்கும் பாட்ஸி என்ற பெண்ணை முதலாளி எல்லோர் முன்னாலும் மெச்சுவான். பிறகு அவளையே அவன் என்ன செய்கிறான் என்பதையும் படம் காட்டுகிறது. பாட்ஸியாக நடித்த லுப்பிட்டா நியோங்கோவுக்கு ஆஸ்கர் கிடைத்தது, தகுதியான விருது.

அப்புறம் எலிசா என்ற அடிமைப் பெண். சந்தையில் பிள்ளைகளிடமிருந்து பிரித்து அவளை விற்றுவிடுவார்கள். அழுதுகொண்டே வருகிறவளிடம் புது எஜமானி சொல்வாள்: கொஞ்சம் சாப்பிட்டு ஓய்வெடுத்தால் பிள்ளைகளைச் சீக்கிரம் மறந்துவிடுவாய் என்று. அதை அன்பாகத்தான் சொல்வாள்! எனக்கு ரத்தத்தைவிட அந்த அன்புதான் பொறுக்கவில்லை.

ரத்தத்தை மட்டும் காட்டிக் கண்ணீர் பிடுங்குகிற படங்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. தங்கள் பாட்டன் பூட்டன் பட்டதைத் திரையில் இன்னொரு முறை பார்க்க மனமில்லை என்று கறுப்பின மக்கள் சொன்னால், அவர்களை வற்புறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம். நான் கேட்பது, அந்த வலி எதுவும் இல்லாத நம்மைப் போன்ற பெரியவர்களிடம்.

ஒரு குறை உண்டு. ஊர் திரும்பிய நார்த்தப், தன்னை விற்ற வியாபாரி மேல் வாஷிங்டனில் வழக்குத் தொடுத்தார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்ல அங்கே சட்டம் இடம் தரவில்லை. வியாபாரி தப்பிவிட்டான். படம் இதைக் கடைசியில் எழுத்தில் போட்டு முடித்துவிடுகிறது. பாதிக்கப்பட்டவர் வாயைத் திறக்க முடியாமல் நின்ற அந்த நீதிமன்றத்தையும் மெக்வீன் காட்சியாக எடுத்திருக்க வேண்டும்.