கோர்க்கி ரஷ்யரும் இல்லை, அவர் வரைந்தது அக்ரிலிக்கிலும் இல்லை

ஒரு பதிவில் ஒருவர் ஆர்ஷைல் கோர்க்கியை "ரஷ்ய ஓவியர், ஆர்மீனிய மலைகளைத் தடித்த அக்ரிலிக்கில் வரைந்தவர்" என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும்விட்டார்கள். இது தவறு.

அவர் இன்றைய துருக்கியில் உள்ள 'வான்' என்ற ஏரியின் கரை ஊரில் பிறந்த ஆர்மீனியர். இயற்பெயர் வோஸ்தானிக் அதோயான். ரஷ்ய எழுத்தாளர் மாக்சிம் கோர்க்கியின் உறவினர் என்று அவரே சொல்லித் திரிந்ததால்தான் இந்தக் குழப்பம் இன்னும் தீரவில்லை. உண்மையில், ஒட்டோமான் துருக்கிய ஆட்சியில் ஆர்மீனியர்கள் மீது நடந்த 1915 இனப்படுகொலையில் தப்பி ஓடிய குடும்பம் அவருடையது. தாய் 1919இல் ஆர்மீனியாவின் யெரெவான் நகரில் பட்டினியால் இறந்தார்.

அவர் மறைந்தது 1948இல். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் 1950களின் நடுவில்தான் கடைக்கே வந்தது. அவர் கையாண்டது எண்ணெய் வண்ணம். 1930களில் தடிமனாகப் பூசினார் என்பது சரிதான். ஆனால் 'ஓவியரும் அவர் தாயும்' படத்தை உற்றுப் பாருங்கள்: பூசிப் பூசிச் சுரண்டி வழவழப்பாக்கிய பரப்பு அது. அந்த ஓவியத்துக்கு மூலமான பழைய புகைப்படத்தில் தாயின் ஏப்ரனில் பூவேலைப்பாடு தெரியும்; ஓவியத்தில் அது வெறுமையாக இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அவருடைய மொத்தத் துயரமும் அங்கேதான் இருக்கிறது.

நிலக்காட்சியும் வெறும் ஆர்மீனிய நினைவு மட்டும் இல்லை. 1943 கோடையில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் மனைவியின் பெற்றோர் பண்ணைக்குப் போய், புல்வெளியில் உட்கார்ந்து பென்சிலாலும் கிரேயானாலும் வரைந்து தள்ளினார். அடுத்த ஆண்டு வந்த 'என் தாயின் பூவேலை ஏப்ரன் என் வாழ்வில் விரிகிறது' ஓவியத்தில் டர்பென்டைன் என்ற கரைப்பானில் கரைத்த எண்ணெய் வண்ணம் நீர்போல வழிந்தோடுகிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.