மத்தி மீனில் நெய் இல்லை என்றால் மீன்காரரைத் திட்டாதீர்கள்

"முந்தி மாதிரி மத்தியில நெய்யே இல்லீங்க, பழைய மீனைத் தள்ளி விடறாங்க." கோவை உக்கடத்திலும் ஈரோடு, திருப்பூர் மீன் கடைகளிலும் இந்தப் புகார் சகஜம். இதில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. மீன் கெட்டுப்போவது பிடித்த பிறகு நடப்பது. மீனில் நெய், அதாவது கொழுப்பு, ஏறாதது பிடிப்பதற்கு முன்பே கடலில் நடந்து முடிந்தது. அதற்கு ஐஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுத்தம் செய்யும்போது வயிற்றைத் திறந்து பாருங்கள். குடலைச் சுற்றி வெள்ளையாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் கொழுப்பு இருந்தால் தேறின மீன். கல்லில் போட்டதும் தானே எண்ணெய் விடும். அந்த இடம் வெறுமையாக, முதுகுச் சதை வற்றி, தலை மட்டும் பெரிதாகத் தெரிகிறதா? கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் வயிறு கெட்டியாகவும் இருந்தால் அது புது மீன்தான். தீனி கிடைக்காத புது மீன்.

அந்தத் தீனி தென்மேற்குப் பருவக்காற்றை நம்பி இருக்கிறது. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழைந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். கேரளக் கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசும் காற்று, பூமியின் சுழற்சியோடு சேர்ந்து, மேல்நீரைக் கரையிலிருந்து விலக்குகிறது. அந்த இடத்துக்கு அடியிலிருந்து நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்த குளிர்ந்த நீர் ஏறி வரும். வெயில் பட்டதும் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். மத்தி அதைச் செவுளில் இருக்கும் சன்ன முட்களால் வடித்துத் தின்னும். மழைக்காலத்தில் முட்டையிட்டு, பிறகு தின்று தேறி, ஐப்பசி கார்த்திகையில் நெய் பிடித்து நிற்கும்.

காற்று தளர்ந்தாலும், எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறுவது) ஆண்டில் மேல்நீர் சூடேறினாலும் அடிநீர் சரியாக ஏறாது. பாசி குறையும். சூட்டில் மீனின் உடம்புக்குத் தேவைப்படும் தீனியோ கூடும். கொழுப்பு சேராத மீனுக்குச் சினையும் சரியாகப் பிடிக்காது. அடி விழுவது அடுத்த வருட மீனுக்கும்தான். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி கிடைத்தது; 2021-ல் வெறும் 3,297 டன். குஞ்சு மீனை அள்ளியதற்கும் இந்தச் சரிவில் பங்கு உண்டு.

அடிநீர் ஏறினால் எல்லாம் நல்லது என்றும் சொல்ல முடியாது. அரபிக்கடலின் அடிநீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அது கரை வரை வந்தால் மீன் மூச்சுக்காக மேலே, கரையோரமாக நெருக்கியடித்து நிற்கும். வலைக்குச் சுலபம். அன்றைக்கு லாரி லாரியாக மத்தி வருவதைப் பார்த்து, கடலில் மீன் பெருகிவிட்டது என்று நாம் முடிவு கட்டுகிறோம்.

2024-ல் நல்ல மழைக்குப் பிறகு குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. இருக்கிற பாசிக்கு அத்தனை வாய்களும் போட்டி போட்டதில் மீன் வளரவே இல்லை. கரையில் விலை கிலோ 20, 30 ரூபாய் வரை விழுந்தது. விலை மலிந்தால் கடல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதை நாம் விடவேண்டும்.

கேரளத்தில் மத்தி பிடிக்கச் சட்டப்படி குறைந்தபட்ச அளவு 10 செ.மீ. முதல் சினை பிடிப்பதோ 15 செ.மீ. வாக்கில்தான். ஆகவே 15 செ.மீ.க்கும் குட்டையான மீனை, எவ்வளவு மலிவானாலும், வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வயிறு வெடித்ததையும் ஒதுக்குங்கள். தீனி நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட மீன், உடனே ஐஸில் போடாவிட்டால், தன் செரிமான நீராலேயே கரையும். மத்தி சூட்டில் கிடந்தால் ஒவ்வாமை போன்ற தொல்லை தரும் ஹிஸ்டமின் என்னும் பொருள் உருவாகும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது போகாது, முகம் சிவந்து அரிக்கும். மீனும் ஐஸும் சரிக்குச் சரி எடை இருக்கவேண்டும்.

சாப்பாட்டு மீனை விட எனக்குப் பெரிய கவலை தீவனம். குட்டி மத்தி கடைசியில் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று மீன்தூள் ஆலை. நாமக்கல் பக்கம் கோழித்தீவனத்துக்கு மீன்தூள் வாங்குபவர்கள் புரதம், உப்பு, மணல் மூன்றையும் சோதித்துத்தான் லோடை இறக்குகிறார்கள். எந்த மீன், எந்த அளவில் பிடித்தது என்ற கேள்வியையும் அந்தச் சோதனைச் சீட்டில் நாலாவதாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.