பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

கும்பகோணத்துக்கு அருகே தாத்தா கட்டிய வீட்டுக்கு, ஆறு வருடங்களுக்கு முன் நாங்களே ஒரு கெடுதல் செய்தோம். திண்ணைச் சுவரில் காரை உதிர்கிறது என்று இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசினோம். மூன்று மழைக்காலம் போனதும், அந்தப் பூச்சு முடிந்த கோட்டுக்கு மேலே, அதுவரை ஈரமே காணாத இடத்தில் ஓதம் ஏறியிருந்தது. பூச்சைத் தட்டினால் காலிக் குடம்போல் ஒலித்தது. பெயர்த்துப் பார்த்தோம். உள்ளே இருந்த செங்கல் விரல் பட்டதும் மாவாகக் கொட்டியது. எண்பது வருடம் சுமை தாங்கிய செங்கல்!

பக்கத்து ஊரிலிருந்து வந்த முதிய கொத்தனார் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிமெண்ட் சுவரை மூடிவிட்டது தம்பி. உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்?"

விஷயம் அவ்வளவுதான். பழைய வீடுகளின் அடித்தளத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. தரை ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றில் கலந்துவிடும். அந்த வழியைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு செங்கலுக்குள்ளேயே உறைந்து அதை அரித்துத் தின்னும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது சுவரின் நோயல்ல. செங்கலைக் காப்பாற்றத் தான் உதிர்கிறது, மறுபடி பூசிக்கொள்ளலாம்.

அவர் செய்த வேலையை அருகிலிருந்து பார்த்தேன். சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப்போட்டார். கடுக்காயையும் வெல்லத்தையும் தனியாகத் தொட்டியில் புளிக்கவிட்டார். முற்றமெங்கும் கள் வாசனை. மணலும் சுண்ணாம்பும் அந்தத் தண்ணீரில் குழைந்து, கரண்டியில் எடுத்தால் வெண்ணெய்போல் ஒட்டிக்கொண்டது. பூசிய பிறகும் நாள்தோறும் நீர் தெளித்துக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்லக் கல்லாகும். அவசரப்படுத்த முடியாது.

சேப்பாக்கம் கலஸ் மகாலைப் பாருங்கள். ஆர்க்காட்டு நவாப் 1768இல் கட்டியது. இன்று நாம் பூசுகிற போர்ட்லண்ட் சிமெண்ட் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். 2012 ஜனவரியில் தீயில் எரிந்து கூரை விழுந்தபோது, இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பொதுப்பணித்துறை அதைச் சுண்ணாம்புக் காரையாலும், மரவிட்டங்கள்மேல் செங்கல் அடுக்கும் மெட்ராஸ் டெரஸ் தளத்தாலுமே மீட்டெடுத்தது. அரசுத் துறையால் முடிந்திருக்கிறது. அப்படியிருக்க, திருப்பணி என்ற பெயரில் கோயில் கல்தூண்களில் மணலைப் பீய்ச்சிச் சிற்பத்தின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் தேய்ப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செலவு கூடுதல் என்பார்கள். நாங்கள் இரண்டு முறை செலவழித்தோம். முதல் முறை செலவழித்தது சுவரைக் கெடுப்பதற்கு. உண்மையான தட்டுப்பாடு ஆள்தான். எங்கள் கொத்தனாரின் மகன்கள் இருவரும் டைல்ஸ் பதிக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நியாயமான கூலியும் தொடர்ந்து வேலையும் கிடைத்தால் அவர்கள் ஏன் போகப்போகிறார்கள்?

எங்கள் கொல்லைப்புறச் சுவர் இன்னும் பாக்கி. அவருக்கு இப்போது சாரம் ஏற முடியவில்லை. தஞ்சை, கும்பகோணம் பக்கம் சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களோ, கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களோ இருந்தால் சொல்லுங்கள். கீழே திண்ணையில் உட்கார்ந்து பதம் சொல்லித்தர அவர் தயாராக இருக்கிறார்.