கடுகளவு கொக்கி

கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. லென்ஸ் பளபளன்னு இருக்கு, பட்டன் எல்லாம் வேலை செய்யுது. பேட்டரி மூடியில கடுகளவு பிளாஸ்டிக் கொக்கி ஒடிஞ்சுது, மொத்தமும் டப்பா! உள்ளே ரெண்டு ஏஏ பேட்டரியை ஸ்பிரிங் ராப்பகலா வெளியே தள்ளுது. அதைத் தாங்கிப் பிடிக்க இத்துனூண்டு பிளாஸ்டிக்காம். எந்த மகராசன் யோசனையோ!

சூப்பர் குளூ போட்டேன். விரல் ஒட்டுச்சு, கொக்கி ஒட்டலை. டேப் சுத்தினா, பேட்டரி மாத்துறப்பல்லாம் புண்ணுக்குக் கட்டுப் பிரிக்கிற மாதிரி உரிக்கணும், பிசுபிசுப்பு வேற. ரப்பர் பேண்டு? எல்லாரும் சிரிக்கிற நேரம் பார்த்து மூடி லேசா எழும்பும், திரை அணைஞ்சிடும். திரும்ப ஆன் பண்ணா, 'இன்னைக்கு என்ன தேதி?'ன்னு என்னையே கேட்குது.

மூடி மட்டும் தனியா கிடைக்குமான்னு விசாரிச்சா, புதுக் கேமரா வாங்கிக்கச் சொல்றாங்க. செருப்பு வார் அறுந்தா காலையா மாத்துவாங்க?