எண்ணைப் பார்த்து எதுவும் தெரியாது

கட்டுரையில் ஒரு திருத்தம். அமெரிக்க மருத்துவர்களுக்குத் தரப்படும் தேசிய அடையாள எண்ணான என்.பி.ஐ.யைப் பார்த்தாலே எந்த மாநிலம், என்ன சிறப்புத் துறை என்று தெரிந்துவிடும் என எழுதியிருக்கிறீர்கள். தெரியாது. சென்னையில் மெடிக்கல் பில்லிங் (சிகிச்சைக்கான பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு அனுப்பும்) வேலையில் தினமும் இந்த எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறேன். வேண்டுமென்றே உள்ளர்த்தம் எதுவும் வைக்காத 10 இலக்க எண் அது. டாக்டர் டெக்சாஸிலிருந்து ஓஹையோவுக்குப் போனாலும், துறையே மாறினாலும் எண் மாறாது. மற்ற விவரங்கள் பொதுப் பதிவேட்டில் இருக்கும், யாரும் தேடிப் பார்க்கலாம்.

கடைசி இலக்கம் மட்டும் சரிபார்ப்புக்கு. முன்னால் 80840 சேர்த்து, கிரெடிட் கார்டு எண்ணுக்குப் போடும் அதே கணக்கு. ஓர் இலக்கம் தப்பாக அடித்தால் உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் தனி மருத்துவருக்கு ஒரு எண், அவர் வேலை பார்க்கும் கிளினிக்குக்கு இன்னொரு எண். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் கிளெய்மில், சிகிச்சை தந்தவருக்கான கட்டத்தில் கிளினிக் எண்ணைப் போட்டால் சரிபார்ப்புக் கணக்கு சரியாகத்தான் வரும், கிளெய்ம்தான் திரும்பி வரும். போன மாதம் ராத்திரி ஷிப்டில் நானே அப்படி 14 கிளெய்ம் அனுப்பிவிட்டு, அப்புறம் விடிய விடிய உட்கார்ந்து திருத்தினேன்.

இதுவே பரவாயில்லையாம். இந்த எண் கட்டாயமான 2007க்கு முன்னால் ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரே டாக்டருக்குத் தனித்தனி எண் வைத்திருந்ததைப் பற்றி எங்கள் சீனியர்களிடம் கேட்டுப் பாருங்கள்.